இரண்டு நீர்மூழ்கிகள், பன்னிரண்டு ஆண்டுகள், நம் ஊர் வெல்டர்கள்

கறம்பக்குடிக்கும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் என்று மீனவர் ஊர்களும் உண்டு. ஆனால், அது பாக் விரிகுடா. அதன் சராசரி ஆழம் 10 மீட்டரைத் தொடாது. இந்தியாவின் ‘அரிஹந்த்’ நீர்மூழ்கியின் அகலம் மட்டுமே 11 மீட்டர். அதைக் கொண்டுவந்து கோட்டைப்பட்டினத்துக்கு எதிரே விட்டால் மூழ்காது. தரை தட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இருந்தாலும், 2024 அக்டோபரில் டெல்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு கறம்பக்குடி, ஆலங்குடி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்து வீடுகள் வரை வந்து சேர வேண்டியது என்பது என் கட்சி. பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, அணுசக்தியில் இயங்கும் இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகளை உள்நாட்டிலேயே கட்ட அப்போது ஒப்புதல் தந்தது. செலவு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் என்று செய்திகள் கூறின. அந்த ஆண்டு டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் தினேஷ் திரிபாதி, முதல் கப்பல் 2036-37-ல் வரும், அடுத்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் என்றார். மொத்தத் திட்டம் ஆறு கப்பல்கள். இப்போதைக்குக் கிடைத்திருப்பது இரண்டுக்கு அனுமதி.

இந்தச் செய்தி வந்தபோது தமிழில் பேசியவர்கள் ஏவுகணையைப் பற்றிப் பேசினார்கள், சீனாவைப் பற்றிப் பேசினார்கள். இதை யார் கட்டப்போகிறார்கள் என்று யாரும் பேசவில்லை. கப்பல் கட்டும் வேலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். சிங்கப்பூரின் செம்பவாங்கிலும் துவாஸிலும் ஷிப்யார்டு வேலைக்குப் போய்வந்தவர் இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் குறைவு. 3ஜி, 6ஜி என்றால் வெளியூரில் கைபேசி அலைவரிசை. இங்கே அது வெல்டிங் டெஸ்ட்.

அரிஹந்த் வேறு, இது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியாவிடம்தான் அணுசக்தி நீர்மூழ்கி இருக்கிறதே, இன்னும் எதற்கு என்று கேட்கிறார்கள். 2016-ல் கடற்படையில் சேர்ந்த அரிஹந்த்தும், 2024 ஆகஸ்ட் 29 அன்று சேர்ந்த ‘அரிகாத்’தும் அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமப்பவை. அவற்றின் வேலை, ஆழ்கடலில் எங்கோ ஒளிந்து கிடப்பது; நாட்டின் மீது அணுகுண்டு விழுந்தால் மட்டும் திருப்பி அடிப்பது. மற்றபடி ஒரு சண்டையிலும் அவை கலந்துகொள்ளக் கூடாது. எதிரிக் கப்பல் எதிரே வந்தாலும் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

தாக்குதல் நீர்மூழ்கி அதற்கு நேர் எதிரான பிறவி. அது தேடிப் போகும். எதிரியின் நீர்மூழ்கியைத் துறைமுக வாசலிலேயே பிடித்து வாரக்கணக்கில் பின்தொடரும். நம் விமானந்தாங்கிக் கப்பலுக்கு முன்னே கடலைத் துழாவிக்கொண்டு போகும். ஒளிந்து கிடக்கும் அரிஹந்த்துக்குக் காவலும் அதுதான். இந்த வகையில் இந்தியா சொந்தமாக ஒன்றைக்கூட இதுவரை கட்டியதில்லை. கைக்கு வந்தவை எல்லாம் சோவியத், ரஷ்ய வாடகைக் கப்பல்கள்.

இதன் வரலாறு 1955 ஜனவரி 17 அன்று, அமெரிக்காவின் ‘நாட்டிலஸ்’ அணுசக்தியில் கிளம்பிய நாளில் தொடங்குகிறது. அதுவரை இருந்தவற்றை நீர்மூழ்கி என்பதைவிட, அவ்வப்போது மூழ்கத் தெரிந்த கப்பல் என்பதே சரி. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் பேட்டரியில் ஓட வேண்டும். மெதுவாகப் போனால் பேட்டரி சில நாட்கள் தாங்கும். முழு வேகத்தில் விரட்டினால் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு மேலே வந்து, மூச்சுக்குழாயை நீட்டி, டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்போதுதான் ரேடாரில் மாட்டும்.

அணுஉலைக்குக் காற்று தேவையில்லை. யுரேனியம் பிளந்து வரும் வெப்பத்தை, கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் அடைத்த நீர் எடுத்துச் செல்கிறது. அது நீராவி உற்பத்தி அமைப்பில் வேறொரு நீரைக் கொதிக்க வைக்கிறது. அந்த நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன் புரொப்பல்லரைச் சுற்றுகிறது, கப்பலுக்கு மின்சாரமும் தருகிறது. மின்சாரம் இருந்தால் நீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளலாம், கடல்நீரைக் குடிநீராக்கலாம். தீர்ந்துபோவது சோறு மட்டும்தான். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கான அரிசி பருப்பு உள்ளே இருந்தால், மூன்று மாதம் மேலே வர வேண்டியதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக் கப்பலின் உலையில் ஒருமுறை எரிபொருள் வைத்தால் 33 ஆண்டுகளுக்குப் போதும். கப்பலின் ஆயுளே அவ்வளவுதான். பிரான்ஸின் ‘சுஃப்ரென்’ வகையில் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அமெரிக்கர்கள் அணுகுண்டுக்கு ஆகும் அளவு செறிவூட்டிய யுரேனியத்தைப் பயன்படுத்துகிறார்கள். பிரான்ஸ் மின்நிலையங்களுக்கு ஆகும் குறைந்த செறிவிலேயே ஓட்டுகிறது. வித்தியாசம் அதில்தான்.

இதனால் கிடைக்கும் பலன் வேகம்கூட அல்ல, விடாத வேகம். விசாகப்பட்டினத்திலிருந்து மலாக்கா நீரிணையின் வாயில்வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,750 கி.மீ. மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் விடாமல் ஓடும் அணுசக்தி நீர்மூழ்கி இரண்டே நாளில் அங்கே போய் நிற்கும், ஒருமுறைகூட மேலே வராமல். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், இடையிடையே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் டீசல் நீர்மூழ்கிக்கு ஐந்து நாள் ஆகும். போய்ச் சேரும்போது நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

சத்தம் என்னும் எதிரி

வேகமும் ஆயுதமும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குக் கடல் வேறு பாடம் வைத்திருக்கிறது. தண்ணீருக்குள் ஒளி சில பத்து மீட்டருக்கு மேல் போகாது. ரேடியோ அலை அதுவும் போகாது. ஒலி மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம் போகும். ஆகவே அங்கே போர் என்பது காதுகளின் போர். யார் சத்தம் குறைவோ அவர் உயிரோடு இருப்பார்.

அணுசக்தி நீர்மூழ்கியின் பிறவிக் குறை இங்கேதான். டீசல் நீர்மூழ்கி பேட்டரிக்கு மாறி எஞ்சினை அணைத்துவிட்டால் கடலோடு கடலாகிவிடும். அணுஉலையை அப்படி அணைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் பம்புகள், டர்பைன், அதன் அதிவேகச் சுழற்சியைப் புரொப்பல்லருக்கு ஏற்பக் குறைக்கும் பல்சக்கரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். 2005-ல் அமெரிக்காவோடு நடந்த பயிற்சியில் ஸ்வீடனின் ‘கோட்லாண்ட்’ என்ற சின்ன டீசல் நீர்மூழ்கி, ‘ரொனால்ட் ரீகன்’ விமானந்தாங்கிக் கப்பலை நெருங்கிப் பாவனையாக மூழ்கடித்துக் காட்டியது. அணுசக்தி என்றாலே வல்லமை என்று நம்புவோர் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதனால் நவீனத் தாக்குதல் நீர்மூழ்கியின் வடிவமைப்பில் பெரும்பகுதி, சத்தத்தைக் கொல்லும் வித்தைதான். டர்பைன், பம்பு என்று நடுங்கும் இயந்திரங்களை நேரடியாக உடலில் பொருத்துவதில்லை. அவற்றை ஒரு பெரிய மேடையில் ஏற்றி, அந்த மேடையையே ரப்பர் தாங்கிகள்மேல் மிதக்க விடுகிறார்கள். குறைந்த வேகத்தில் பம்பே ஓடாமல், சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பான சுழற்சியிலேயே உலையைக் குளிர்விக்கும் வடிவமைப்பு இருக்கிறது. புரொப்பல்லர் வேகமாகச் சுற்றினால் அதன் இறக்கைகளில் சின்னக் குமிழிகள் தோன்றி உடைந்து படபடக்கும். அதைத் தவிர்க்க, வர்ஜீனியா, பிரிட்டனின் அஸ்டூட், சுஃப்ரென் மூன்றும் திறந்த புரொப்பல்லரை விட்டு, உறைக்குள் சுழலும் பம்ப்ஜெட்டுக்கு மாறிவிட்டன. உடல் முழுவதும் ரப்பர் ஓடு ஒட்டியிருப்பார்கள்; வெளியிலிருந்து வரும் சோனார் ஒலியை அது விழுங்கும், உள்ளே எழும் ஒலியையும் அடக்கும்.

காது கேட்பதற்கும் அதே அக்கறை. முன்மூக்கு முழுவதும் சோனார். விலாவில் வரிசையாக ஒலிவாங்கிகள். பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கேபிளில் இழுத்துச் செல்லும் ஒலிவாங்கித் தொடர், கப்பலின் சொந்தச் சத்தத்திலிருந்து விலகி நின்று கேட்கும். சினிமாவில் பார்க்கிற, கேப்டன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கண்வைக்கும் பெரிஸ்கோப்பும் புதிய கப்பல்களில் கிடையாது. கேமராக்கள் பொருத்திய கம்பம் நொடிப்பொழுது மேலே எழுந்து சுற்றிலும் படமெடுத்து இறங்கிவிடும். படத்தைத் திரையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கம்பத்துக்காக உடலில் பெரிய ஓட்டை போட வேண்டியதும் இல்லை.

வங்கக் கடலுக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு நீருக்கு மேல் தனி அடுக்காக நிற்கிறது. அடுக்குகளின் எல்லையில் ஒலி வளைந்துவிடும். மேலே இருக்கும் கப்பலின் சோனாருக்குக் கீழே இருப்பது கேட்காமல் போகும். ஒளிபவருக்கும் தேடுபவருக்கும் இந்தக் கடலை அறிந்திருப்பதே பாதி ஆயுதம்.

ஆயுதங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 533 மில்லிமீட்டர் குழாய்களிலிருந்து டார்பிடோ. செங்குத்துக் குழாய்களிலிருந்து தரையிலக்குகளையும் கப்பல்களையும் தாக்கும் குரூஸ் ஏவுகணை. வர்ஜீனியாவில் டாமஹாக் ஏவுகணைக்குப் பன்னிரண்டு குழாய்கள். புதிய பிரிவில் நடுப்பகுதியை நீட்டி இன்னும் 28 ஏவுகணைகளுக்கு இடம் செய்கிறார்கள். 1982 மே 2 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ‘காங்கரர்’ என்ற அணுசக்தி நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’வை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய போர்க்கப்பல்கள் போர் முடியும்வரை கரையோரத்தைவிட்டு வரவில்லை. ஒரு கப்பலை அடித்து ஒரு கடற்படையையே துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் டார்பிடோ அல்ல. அது அடுத்து எங்கிருந்து வரும் என்று தெரியாததுதான்.

ஓர் இணைப்பில் 129 உயிர்

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கான அடி போர் போட்டுத் தண்ணீர் தேடிய பூமிக்கு ஆழத்தைப் புரியவைப்பது எளிது. ஆயிரம் அடி போர் எவ்வளவு ஆழமோ, ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் இந்தக் கப்பல் நடமாடுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முந்நூறு மீட்டரில் உடலின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் ஏறத்தாழ 300 டன் எடை ஏறும். இரண்டு பாகங்கள் சேரும் ஒவ்வொரு தையலும் அதைத் தாங்க வேண்டும். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும், முப்பது ஆண்டுகளுக்கு.

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் ‘திரெஷர்’ ஆழச் சோதனையின்போது 129 பேருடன் மூழ்கியது. அப்போதைய தாக்குதல் நீர்மூழ்கிகளில் அது மிகப் புதிய வகையைச் சேர்ந்தது. எஞ்சின் அறையில் கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய், பீய்ச்சிய நீரில் மின்சாரம் துண்டாகி, உலை நின்று, கப்பல் மேலே வர முடியாமல் போனது என்பதே விசாரணை வந்தடைந்த முடிவு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதற்குமுன் பராமரிப்பின்போது அதன் குழாய் இணைப்புகளில் ஒரு பகுதியை மட்டும் அல்ட்ராசவுண்ட் வைத்துச் சோதித்தார்கள். சோதித்தவற்றில் ஏறத்தாழ 14 சதவீதம் தரக்குறைவாக இருந்தன. மீதியைச் சோதிக்காமலேயே கப்பலைக் கடலுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் ஒவ்வொரு இணைப்புக்கும் யார் செய்தது, யார் சோதித்தது, எந்த இரும்பு, எந்த ராடு என்று காகிதம் இருக்க வேண்டும் என்ற கடுமையான விதி அங்கே வந்தது. அந்த விதிப்படி சான்று பெற்ற ஒரு நீர்மூழ்கியையும் அமெரிக்கா அதற்குப் பிறகு இழக்கவில்லை. 1968-ல் 99 பேருடன் மூழ்கிய ‘ஸ்கார்பியன்’ அந்தச் சான்று பெறாதது. ஆனாலும் தவறு நின்றுவிடவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய கப்பல் கட்டும் தளம் ஒன்றில் நீர்மூழ்கிகளுக்கும் விமானந்தாங்கிகளுக்கும் போட்ட வெல்டிங்குகள் சில முறைப்படி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பிரிட்டனின் ‘வான்கார்ட்’ நீர்மூழ்கியில், உலை அறையில் உடைந்த போல்ட் தலைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தது 2023-ல் அம்பலமானது. பணமும் அனுபவமும் உள்ள நாடுகளின் கதை இது. ஆண்டுக்கு இரண்டு கப்பல் என்று இலக்கு வைத்துவிட்டு, கைதேர்ந்த தொழிலாளர் இல்லாமல் ஒன்றேகால் கூடக் கட்ட முடியாமல் அமெரிக்கா தடுமாறிக்கொண்டிருக்கிறது.

நீர்மூழ்கிக்கு ஆகும் உயர்வலிமை எஃகு செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி முரண்டு பிடிக்கும். முன்கூட்டியே சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால், ராடில் கொஞ்சம் ஈரம் இருந்தால், ஹைட்ரஜன் உள்ளே போய் மறுநாள் வெடிப்பு விடும். வெளியே பார்த்தால் தெரியாது. 7018 ராடைச் சூட்டடுப்பிலிருந்து எடுத்துச் சூடு ஆறுமுன் பயன்படுத்திப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். எக்ஸ்ரேயில் ‘ரிப்பேர்’ வந்துவிட்டால் ஃபோர்மேன் என்ன சொல்வார் என்பதும் தெரியும். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டி, அந்தத் திறமையை வேறொரு நாட்டின் எண்ணெய் மேடைகளுக்கும் டேங்கர்களுக்கும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். வயது நாற்பதைத் தாண்டியதும் ஊருக்கு வந்து தென்னையைப் பார்க்கிறார்கள். அந்தத் தென்னையையும் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்துவிட்டுப் போனது.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருப்பது

இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கதையில் தமிழ்நாடு ஓரமாக நின்ற மாநிலம் அல்ல. அரிஹந்த்தின் உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில்தான் தரையில் கட்டப்பட்டது. 2003 நவம்பரில் அது இயங்கத் தொடங்கியது; மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை உருவாக்கியது; அந்த வேலையை நடத்திய சேகர் பாசு பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவரானார். அங்கே ஓட்டிப் பார்த்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். இனி வரும் தாக்குதல் நீர்மூழ்கிக்கு அந்த 83 மெகாவாட் வெப்பத்திறன் போதாது. அரிஹந்த்தைவிடச் சிறிய சுஃப்ரெனே 150 மெகாவாட் உலையோடு போகிறது. புதிய, பெரிய உலை வேண்டும். கால அட்டவணையைத் தீர்மானிக்கப்போவது அதுதான், ஏவுகணை அல்ல.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் ‘ஐஎன்எஸ் கட்டபொம்மன்’ நிலையம் இயங்குகிறது. ஏறத்தாழ 470 மீட்டர் உயரக் கம்பங்களிலிருந்து மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போகிறது. அந்த அலையின் நீளம் மட்டும் 16 கி.மீ.க்கு மேல். அவ்வளவு நீண்ட அலைதான் கடல்நீருக்குள் கொஞ்சம் ஊடுருவும். கப்பலுக்குக் கேட்கும், பதில் பேச முடியாது. (புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிறு நெளிவு வரும். 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தச் சீமையில். பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான். அதன் நியாய அநியாயம் பற்றி இங்குள்ள வரலாற்று ஆர்வலர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.)

நம் வட்டாரத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன், 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சர். ஏவுகணைத் திட்டங்களை ஒன்றாகக் கட்டி 1983-ல் தொடங்கிவைத்தவர். சோவியத் ஒன்றியத்திடம் வாடகைக்கு எடுத்த முதல் ‘சக்ரா’ 1988-ல் வந்தபோது அவர் குடியரசுத் தலைவர், முப்படைகளின் தலைவர். மூன்று ஆண்டு வைத்திருந்துவிட்டு 1991-ல் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது ‘சக்ரா’ 2012 ஏப்ரலில் வந்தது. ரஷ்யாவில் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, 2008-ல், தீயணைப்பு வாயு கசிந்து இருபது பேர் இறந்த கப்பல் அது. 2021-ல் அதுவும் போய்விட்டது. மூன்றாவதற்கு 2019-ல் 300 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். 2025-ல் வர வேண்டியது, வரவில்லை. வாடகைக் கப்பலில் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம், கட்டக் கற்றுக்கொள்ள முடியாது.

சொந்தமாக அணுசக்தி நீர்மூழ்கி வேண்டும் என்ற ஆசைக்கு விதை 1971 டிசம்பரில் விழுந்தது. வங்கதேசப் போரின்போது அணுசக்தியில் இயங்கும் ‘என்டர்பிரைஸ்’ விமானந்தாங்கியை அமெரிக்கா வங்கக் கடலுக்கு அனுப்பியது. அப்போது இந்தியாவிடம் அதை நெருங்கவிடாமல் தடுக்க எதுவும் இல்லை. இன்றைய கவலை வேறு. 2013 டிசம்பரில் சீனாவின் அணுசக்தி நீர்மூழ்கி இந்தியப் பெருங்கடலுக்கு வந்துபோனது. 2014-ல் சீன டீசல் நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்தில் இருமுறை வந்து நின்றது. அதை மிகைப்படுத்திப் பயம் காட்டுவோரும் உண்டு. ஆனால், மலாக்காவிலிருந்து ஏடன்வரை நம் எண்ணெயும் ஏற்றுமதியும் போகும் பாதையில் ஐந்து நாள் கழித்துப் போய்ச் சேரும் கப்பலை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காக்க முடியாது. இந்த முடிவு சரியானதே. பத்து ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும்.

மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

நாற்பதாயிரம் கோடிக்கு எத்தனை பள்ளி, எத்தனை மருத்துவமனை என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. கஜாவுக்குப் பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்தவை இந்தப் பகுதி ஊர்கள். அந்தப் புயலுக்குப் பதினோரு நாள் முன்புதான் அரிஹந்த் முதல் ரோந்தை முடித்ததைப் பிரதமர் அறிவித்தார். அந்தக் கேள்விக்கு அரசு கொடுக்க வேண்டிய மரியாதை, கணக்கைக் காட்டுவது. ஆஸ்திரேலியா தன் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்கு 26,800 கோடி முதல் 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை ஆகும் என்று முன்கூட்டியே மக்களிடம் சொன்னது. அதை வைத்து அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். சண்டை நடப்பது ஆரோக்கியம்.

கப்பலின் ஒலி அடையாளம், ரோந்துப் பாதை, உலையின் நுட்பம், இவற்றை மறைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பாதுகாப்புக் கண்காணிப்பை மறைப்பது வேறு. 2000 ஏப்ரலில் ஓர் அரசாணை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்து, அந்த மையத்தின் உள்குழுவிடமே கொடுத்தது. கட்டுபவரே தேர்வாளர். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் மறுசுழற்சி ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பல மாதங்கள் கழித்தே வெளியே தெரிந்தது. அரிஹந்த் துறைமுகத்தில் நின்றபோது மூடாமல் விட்ட ஒரு வழியாக நீர் புகுந்து நீண்டகாலம் பழுதில் கிடந்ததாக 2018 ஜனவரியில் பத்திரிகைகள் எழுதின. திரெஷரிலிருந்து அமெரிக்கா கற்றுக்கொண்டது, விசாரணையை எழுதிவைத்ததால்தான். நாம் எழுதுகிறோமா என்பதே நாடாளுமன்றம் கேட்க வேண்டியது.

கப்பல் ஓய்வுபெற்ற பிறகு உலையை என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி 1980-ல் ஓய்வுபெற்றது. இன்று இருபதுக்கு மேற்பட்ட பழைய கப்பல்கள் இரண்டு துறைமுகங்களில் கட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் எரிபொருள்கூட எடுக்கப்படவில்லை. நீர்மூழ்கிகள் கட்டப்படும் விசாகப்பட்டினத்து மீனவர்களுக்கும் கல்பாக்கத்து மீனவர்களுக்கும் அந்த விவரம் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ட்ரோன்களும் செயற்கைக்கோள்களும் கடலைக் கண்ணாடியாக்கிவிடும், நீர்மூழ்கிக் காலம் முடிந்தது என்று சொல்பவர்கள் ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். கடலின் அடுக்குகள் இன்னும் அவர்களுக்கு வழிவிடவில்லை.

மீண்டும் நம் வெல்டர்களிடம் வருவோம். திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் 1975 முதல் இருக்கிறது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் அந்த நகரமும் ஒரு முனை. புதுக்கோட்டையிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம். மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. நீர்மூழ்கித் தர வெல்டிங்குக்கும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் சோதனைக்கும் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்ட ஐடிஐகளிலிருந்து அதற்கு நேரடி வழி. சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்களின் ஷிப்யார்டு அனுபவத்தை எண்ணி எடுத்துக்கொள்ளும் சான்றிதழ். அவர்களில் சிலரைப் பயிற்றுநர்களாகவே வைக்கலாம். விசாகப்பட்டினத்துக் கட்டும் தளமும் அதற்குப் பாகங்கள் செய்யும் நிறுவனங்களும் அந்தச் சான்றை ஏற்க வேண்டும். வேலை நிரந்தரமாக, சம்பளம் சிங்கப்பூரை மறக்கவைக்கும் அளவில் இருக்க வேண்டும். நீர்மூழ்கியின் உடலில் கைவைக்கத் தகுந்த ஒரு வெல்டரை உருவாக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். முதல் கப்பல் 2036-ல் வேண்டுமென்றால், அந்தப் பள்ளிக்கான ஆணை இந்த ஆண்டே வர வேண்டும்.